சோற்றில் மாத்திரை கலந்தோம், இப்போது தம்பி வீட்டில் சாப்பிடுவதே இல்லை

வாசகியின் கடிதம்

காங்கயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, வெள்ளகோவிலில் வாழ்க்கைப்பட்டிருக்கும் 33 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) அவருடைய ஒரே தம்பிக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இரண்டு வருடத்துக்கு முன்பு தூக்கம் கெட்டது. கூட வேலை செய்கிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், டீயில் என்னமோ கலக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்டது. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், கோயில் கோயிலாகப் போனார்கள். கடைசியில் சொந்தக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து, துண்டால் கையைக் கட்டி, காரில் ஏற்றிக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனச்சிதைவு நோய் என்று சொல்லி மருந்து தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் குரல் அடங்கியது. வேலைக்கும் திரும்பினார்.

அப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது. காலையில் எழ முடியாத அசதி. உடம்பு 14 கிலோ ஏறியது. ஏழெட்டு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். அதே சமயத்தில், மருத்துவமனை வரிசையில் இவர்களைப் பார்த்த பங்காளி ஒருவர் மூலம் செய்தி பரவி, பேசிக்கொண்டிருந்த வரன் ஒன்று கைவிட்டுப் போனது. "இனி அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் பழைய தொந்தரவு திரும்பியது. பயந்துபோன அம்மா, மாத்திரையைப் பொடித்து ரசஞ்சோற்றிலும் காப்பியிலும் கலந்து கொடுத்தார். தம்பி கொஞ்சம் தேறினார். ஒருநாள் டம்ளர் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைப் பார்த்தார். தேடியதில் அரிசிப் பானைக்குள் மாத்திரை அட்டையும் கிடைத்தது. தட்டை வீசி எறிந்துவிட்டு வெளியேறியவர், ஒரு மாதமாகத் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தனியாக இருக்கிறார். கடைப் பரோட்டாவும், தானே வேகவைத்துக்கொள்ளும் முட்டையும்தான் சாப்பாடு.

அக்காவின் கேள்விகள்: குணமாகிக்கொண்டிருந்தவன் எதற்காக நிறுத்தினான்? போலீஸை வைத்தாவது மறுபடி சேர்க்கலாமா? அவனுக்குத் தெரியாமல் மாதம் ஓர் ஊசி போட்டுவிட முடியுமா? கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் அப்பா, கோயிலில் பூக்கேட்டதற்கும் நல்ல வாக்கு வந்திருக்கிறது. செய்யலாமா?

மனநல மருத்துவரின் பதில்

அம்மணி, உங்கள் நான்கு கேள்விகளில் முதலாவதற்குத்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன். தம்பி ஏன் நிறுத்தினார் என்று தெரிந்துகொள்ளாமல் அவரை மறுபடி கொண்டுபோய்ச் சேர்த்தால், அடுத்த ஏழெட்டு மாதத்தில் திரும்பவும் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

கை நடுக்கத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது. உங்கள் தம்பி ஓவர்லாக் டெய்லர். அந்த மெஷின் தைத்துக்கொண்டே துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டும் போகும். கை கொஞ்சம் பிசகினால் பீஸ் போச்சு. பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிறவருக்குக் கை நடுங்கினால், முதலில் கூலி குறையும், அப்புறம் மெஷினே கையை விட்டுப் போகும். செக்கிங்கில் உட்காரச் சொல்வார்கள், இல்லையென்றால் இன்னொரு டெய்லருக்குக் கைமடியாக, அதாவது உதவியாளாக, நிற்கச் சொல்வார்கள். தனக்குக் கைமடியாக இருந்த பையனுக்கே தான் கைமடியாக நிற்பது எப்படி இருக்கும் என்று திருப்பூர் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பத்து மணிக்குப் போட்ட மாத்திரையின் அசதி காலை ஷிப்டில் உட்காரும்போதும் விட்டிருக்காது. ஒன்றரை ஷிப்ட் ஓட்ட வேண்டிய நாள் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லியிருப்பீர்கள். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

குரலையும் சந்தேகத்தையும் அடக்கும் மருந்துகள், மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைக் குறைக்கின்றன. அதே டோபமைன்தான் கைகால் அசைவையும் சீராக வைத்திருக்கிறது. அதனால் சிலருக்கு நடுக்கம், விறைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தவிப்பது எல்லாம் வரும். இந்தத் தவிப்பு மிகவும் கொடியது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நோய் முற்றிவிட்டது போலத் தெரியும். அப்படி நினைத்து மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். இவை போக எடை ஏறுவது, எச்சில் வடிவது, ஆண்மை சம்பந்தமான குறைகள். கடைசியாகச் சொன்னதை 26 வயது இளைஞர் அம்மாவிடமோ அக்காவிடமோ வாய்விட்டுச் சொல்ல மாட்டார். மருத்துவர் தனியாக வைத்துக் கேட்டால்தான் வெளியே வரும். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தக் குறை ஒன்று அவருக்கு இருந்திருந்தால், மாத்திரையை என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் உங்கள் தம்பி அபூர்வமான ஆளும் இல்லை. அமெரிக்காவில் மனச்சிதைவு நோயாளிகள் ஏறத்தாழ 1,500 பேருக்கு வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2005-ல் வெளியானது. 18 மாதம் முடிவதற்குள் 74 சதவீதம் பேர் முதலில் கொடுத்த மருந்தை நிறுத்தியிருந்தார்கள். சிலருக்கு மருந்து வேலை செய்யவில்லை, சிலருக்குப் பக்க விளைவு தாங்கவில்லை, சிலர் தாமாகவே விட்டார்கள். மனநோய்க்காரர்கள்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். நீண்டகால நோய் எதுவானாலும், வசதியான நாடுகளிலேயே பாதிப் பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் எழுதியது. உங்கள் வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால், போன மாத அட்டையை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் நோயே. எது நிஜம், எது நினைப்பு என்று பிரித்துக் காட்ட வேண்டிய மூளையே இங்கே பாதிக்கப்பட்டிருக்கிறது. அதனால் இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தனக்கு நோய் என்ற உணர்வே சரியாக இருப்பதில்லை. இது பிடிவாதமோ திமிரோ கிடையாது. "உனக்கு நோய் இருக்குன்னு முதல்ல ஒத்துக்கோ" என்று மல்லுக்கட்டுவதில் பலன் இல்லை, அவசியமும் இல்லை. "எனக்கு ஒண்ணுமில்லைங்க டாக்டர், தூக்கத்துக்கு மட்டும் ஏதாவது கொடுங்க" என்று சொல்லி வருடக் கணக்கில் மருந்து எடுக்கிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். என்ன மருந்து, என்ன செய்யும் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். தூக்கமும் வருகிறது, குரலும் குறைகிறது. அவர் அதைத் தூக்க மாத்திரை என்றே வைத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன?

மூன்றாவது, சிகிச்சை தொடங்கிய விதம். உங்களுக்கு அந்த மருத்துவமனை, தம்பியை மீட்டுக் கொடுத்த இடம். அவருக்கு அது சொந்த மாமன் மச்சான் கையைக் கட்டிக் கொண்டுபோய்த் தள்ளிய இடம். அன்றைக்கு உங்களுக்கு வேறு வழி தெரிந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி என்றதும் அவருக்கு முதலில் அந்தத் துண்டுதான் ஞாபகம் வரும். எங்கள் தரப்பிலும் குறை இருக்கிறது. கூட்டம் நிரம்பிய ஓ.பி.யில் டாக்டர் பேசுவது அம்மாவிடம்தான். "மாத்திரை போடறானா?" "போடறானுங்க சார்." சம்பந்தப்பட்டவர் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கை நடுக்கத்தை அவர் யாரிடம் சொல்வது?

நான்காவதைச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். சிகிச்சையை நிறுத்தியது தம்பி மட்டும் இல்லை. அவர் மாத்திரையை விட்ட அதே நாள்களில் அப்பாவும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டார். ஒருபக்கம் மாத்திரை சாப்பிடு என்கிறோம், மறுபக்கம் அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்கிறோம். அந்த வயதுப் பையனுக்கு இரண்டாவதுதான் சத்தமாகக் கேட்கும். 2015-16-ல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்குள்ளேயே வரவில்லை என்று தெரிந்தது. உறவுமுறையில் பேர் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. உங்கள் குடும்பம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டு, ஒரு பங்காளியின் பார்வைக்காகத் திரும்பிப் போயிருக்கிறது. பார்த்துவிடுவார்கள் என்பதுதான் பிரச்சினை என்றால் ஈரோட்டுக்கோ கரூருக்கோ போய்க் காட்டுங்கள். நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

சோற்றில் கலந்தது

அம்மாவைத் திட்டாதீர்கள். மகன் கண்முன்னால் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் செய்த காரியம் அது. நம் பக்கத்தில் பல வீடுகளில் நடக்கிறது. சில சமயம் வைத்தியம் பார்ப்பவர்களே காதோடு காதாகச் சொல்லி அனுப்புவதும் உண்டு. ஆனாலும் இது கூடாது என்றுதான் நான் சொல்வேன்.

உங்கள் தம்பியின் நோய் அவரிடம் சொன்னது என்ன? "உனக்குக் கொடுப்பதில் என்னமோ கலக்கிறார்கள்." அது பொய் என்று நீங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிச் சொன்னீர்கள். கடைசியில் அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார், கலந்திருக்கிறது. சந்தேகத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? இப்போது அவர் வீட்டில் சாப்பிடாமல் இருப்பதை முழுக்க நோய்க் கணக்கில் எழுதாதீர்கள். அதில் பாதி, கண்ணால் கண்டதால் வந்த நியாயமான எச்சரிக்கை.

மருந்துக் கணக்கிலும் இது ஆபத்து. பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அந்தக் காப்பியை அப்பா எடுத்துக் குடித்துவிடலாம். கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொண்டாலோ தாடை பிடித்துக்கொண்டாலோ, எதனால் என்று தெரியாமல் அவர் மிரண்டுபோவார். வெளியில் அவர் வேறு ஏதாவது மருந்தோ மதுவோ எடுத்திருந்தால் அதுவும் உங்களுக்குத் தெரியாது.

ஆகவே நிறுத்துங்கள். நிறுத்தினோம் என்று அவரிடமும் சொல்லுங்கள். அம்மாதான் சொல்ல வேண்டும். "உன்கிட்டச் சொல்லாம கலந்தது தப்புதான் கண்ணு. பயத்துல செஞ்சுட்டேன். இனிமே செய்ய மாட்டேன்." இவ்வளவு போதும். இதன் வாலில் "ஆனா நீ மாத்திரை போடோணும்" என்று சேர்த்தால் முதலில் சொன்னது வீணாகிவிடும். அந்தப் பேச்சு இன்னொரு நாளைக்கு. சாளைக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்க் கெஞ்ச வேண்டாம். அரிசி, பருப்பு, முட்டை, வாழைப்பழம் என்று அவரே சமைத்து உரித்துச் சாப்பிடக்கூடியதைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்தால் எல்லோரும் சாப்பிடும் அதே குண்டாவிலிருந்து அவர் கையாலேயே போட்டுக்கொள்ளட்டும். வாக்குக் கொடுத்தபின் ஒரே ஒருமுறை மறுபடி கலந்தாலும், அதற்கப்புறம் உங்கள் பேச்சு எடுபடாது.

ஒன்றை மறக்காதீர்கள். நாளைக்கே அவர் "சரி, மாத்திரை கொடு" என்று கேட்டாலும், பழைய சீட்டை எடுத்துப் பழைய அளவில் நீங்களே ஆரம்பிக்க வேண்டாம். இடைவெளி விட்ட மருந்தை மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் குறைந்த அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும்.

சாளைக்கு யார் போவது

நீங்கள் போங்கள், தனியாக. அப்பாவும் மாமனும் கூட்டமாகப் போனால் அவருக்குக் கார் ஞாபகம் வரும். முதல் இரண்டு மூன்று தடவை மருந்துப் பேச்சே எடுக்காதீர்கள். அப்புறம் கை நடுக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். "மாத்திரை போட்டப்ப மெஷின்ல உட்காரச் சிரமமா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை இடையில் புகாமல் கேளுங்கள். கலந்தவர்களைத் திட்டினால் திட்டட்டும். குரல் கேட்கிறது என்றால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றும் சொல்ல வேண்டாம், "ஆமா, எனக்கும் கேக்குது" என்று நடிக்கவும் வேண்டாம். "எனக்குக் கேட்கலை, ஆனா உனக்குக் கேட்டா தூங்க முடியாதுதான்" என்றால் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை.

இங்கிலாந்தில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஒரு விஷயத்தைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்கும், பொத்திப் பொத்தி மேலே விழுந்து கவனிக்கும் வீட்டுக்கும் திரும்பிப் போன நோயாளிகளுக்கு நோய் திரும்புவது அதிகம். பின்னால் பல நாடுகளில் செய்த ஆய்வுகளிலும் இதுவே தெரிந்தது. குடும்பம்தான் நோயை உண்டாக்கியது என்று இதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் வீட்டில் அப்பா முதல் ரகம், அம்மா இரண்டாவது ரகம் என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன், தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டியது "ஆஸ்பத்திரிக்கு வருகிறாயா?" என்று இல்லை. கை நடுங்காத மருந்து இருக்கிறதா என்று ஒரு டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாமா, அவ்வளவுதான். அப்படி வழிகள் உண்மையிலேயே இருக்கின்றன. அளவைக் குறைக்கலாம், நடுக்கம் குறைவாக உள்ள வேறு மருந்துக்கு மாற்றலாம், நடுக்கத்துக்கென்றே ஒரு மாத்திரையைக் கொஞ்ச காலம் சேர்க்கலாம், ராத்திரி மாத்திரையை எட்டு மணிக்கே போடச் சொல்லலாம். எடையை அதிகம் ஏற்றாத மருந்துகளும் உண்டு. ஒன்றில் நடுக்கம் குறைந்தால் இன்னொன்றில் எடை ஏறலாம், ஆகவே எந்தத் தொந்தரவை அவரால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். எந்த டாக்டர், எந்த ஊர், கூட யார் வருவது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பழைய மருத்துவமனை வேண்டாம் என்றால் வேண்டாம். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் குறிப்பிட்ட நாள்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருகிறார்கள், உங்கள் தாலுகாவுக்கு எந்த நாள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம். உங்கள் பக்கத்துக்கு இது முக்கியம், ஏனென்றால் கோவைக்குப் போய்வரும் ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் கூலி போகிறது. நேரில் வரத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. நீங்களும் கூப்பிடலாம், அவரும் கூப்பிடலாம்.

போலீஸ், கட்டாயச் சேர்க்கை

2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதில் தெளிவாக இருக்கிறது. மனநோய் என்று சீட்டு இருப்பதாலேயே ஒருவர் தன் சிகிச்சையை முடிவு செய்யும் உரிமையை இழப்பதில்லை. சொல்வதைப் புரிந்துகொண்டு, விளைவை உணர்ந்து, தன் முடிவைத் தெரிவிக்க முடிகிறவரை முடிவு அவருடையதுதான்.

அவர் விருப்பமில்லாமல் சேர்க்கப் பிரிவு 89 வழி தருகிறது. அண்மையில் தன்னையோ பிறரையோ தாக்கியிருக்க வேண்டும், அல்லது தாக்குவதாக மிரட்டியிருக்க வேண்டும், அல்லது பிறர் பயப்படும்படி நடந்திருக்க வேண்டும். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தான நிலைக்குப் போயிருந்தாலும் பொருந்தும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பரிசோதித்து, வேறு எளிய வழி இல்லை என்று சொல்ல வேண்டும். அப்படியும் 30 நாள் வரைதான், அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி நடைமுறை. ஒருமுறை தட்டை வீசியதும் தனியாக இருப்பதும் மட்டும் இதற்குப் போதாது என்பது உங்கள் கடிதத்தை வைத்து என் கருத்து. நேரில் பார்க்கும் மருத்துவர் வேறுமாதிரி நினைக்கலாம்.

ஆனால் கீழே சொல்வதில் ஒன்று நடந்தாலும் காத்திருக்காதீர்கள். சாப்பாடு தண்ணீர் இல்லாமல் நாள் கணக்கில் கிடப்பது, சாகப் போவதாகப் பேசுவது, "குரல் இப்படிச் செய்யச் சொல்லுது" என்பது, கத்தி அரிவாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. அப்போது 108-ஐக் கூப்பிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரப் பிரிவு 94 இடம் கொடுக்கிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீஸின் கடமை. போலீஸின் வேலை அதற்குத்தான், மாத்திரை சாப்பிட வைப்பதற்கு இல்லை. இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: சாளையில் பூச்சி மருந்து, களைக்கொல்லி, எலி பேஸ்ட், சாணிப் பவுடர் (வாசல் தெளிக்கும் விஷச் சாயப்பொடி) எது இருந்தாலும் அப்புறப்படுத்திவிடுங்கள். தோட்டத்து வீடுகளில் இவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

கட்டிப்போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் இறந்தவர்கள் 28 பேர். எந்த விதத்திலும் சங்கிலியிடுவதை இந்தச் சட்டத்தின் 95-ம் பிரிவு தடை செய்கிறது.

தம்பி தேறியபின் இதே சட்டம் அவருக்கும் ஒரு வசதி தருகிறது. மறுபடி உடம்பு முடியாமல் போனால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தன் சார்பில் பேசுவது என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். கையைக் கட்டக் கூடாது, கை நடுங்க வைத்த மருந்து வேண்டாம், அக்கா பேசட்டும் என்று அவர் எழுதலாம். (அவசரச் சிகிச்சைக்கு மட்டும் இது பொருந்தாது.) இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சாளையில் பேசும்போது சொல்லிப் பாருங்கள், அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஊசி

தெரியாமல் போட முடியாது, போடவும் கூடாது. தெரிந்து போட்டுக்கொள்வதாக இருந்தால் அது நல்ல வழி. மருந்தைப் பொறுத்து இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன. தினமும் "மாத்திரை போட்டியா, வாயைத் திற" என்று அம்மா பின்னால் நிற்க வேண்டியதில்லை, அட்டையை ஒளிக்க வேண்டியதில்லை. இந்தத் தொல்லை விட்டால் போதும் என்றே ஊசிக்குச் சம்மதிக்கிறவர்கள் உண்டு. ஊசியிலும் நடுக்கம் வரலாம். அதனால் அதே மருந்தை முதலில் மாத்திரையாகக் கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவோம்.

மருந்து ஆளை அடிமையாக்கிவிடும் என்ற பயம் உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் எட்டிப் பார்க்கிறது. சில தூக்க மாத்திரைகளுக்கு அது பொருந்தும், இந்த மருந்துகளுக்குப் பொருந்தாது. எத்தனை வருடம் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. முதல் தடவை வந்தால், குணமான பிறகும் ஒன்றிரண்டு வருடமாவது தொடரச் சொல்வோம். ஒருமுறை திரும்பி வந்துவிட்டால் அதைவிட நீண்ட காலம். முதல்முறை நோய் வந்தவர்களை ஐந்து வருடம் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1999-ல் வெளியானது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. பிற்பாடு குறைப்பதாக இருந்தாலும் மருத்துவர் கண்காணிப்பில் மெதுவாகக் குறைக்க வேண்டும்.

கோயிலும் கல்யாணமும்

கோயிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் கையில் கயிறும் பையில் மாத்திரையும் இருக்கின்றன, இரண்டுக்கும் சண்டை வந்ததில்லை. அப்பா பூக்கேட்டது கல்யாணத்துக்குத்தானே, மாத்திரை வேண்டாம் என்று எந்தப் பூவும் சொல்லவில்லையே.

ஆனால் கல்யாணம் இப்போது வேண்டாம். கல்யாணம் இந்த நோய்க்கு மருந்து இல்லை. புது உறவு, செலவு, விருந்து, தூக்கம் கெடுவது எல்லாம் சேர்ந்து, தேறியவரையே சில சமயம் ஆட்டிவிடும். மறைத்துச் செய்தால் சட்டமும் குறுக்கே நிற்கிறது. இந்து திருமணச் சட்டம், 1955-ன்படி, மனநோயால் சம்மதம் தர இயலாத நிலையில் நடந்த திருமணத்தையும், முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றிச் செய்த திருமணத்தையும் ரத்து செய்யக் கோரலாம். வழக்கை விடுங்கள். வருகிற பெண் முதல் வாரத்திலேயே மாத்திரை அட்டையைப் பார்ப்பாள், அல்லது அவள் பார்த்துவிடக் கூடாதே என்று அவர் மாத்திரையை விடுவார். நான் அதிகம் பார்ப்பது இரண்டாவதைத்தான். நன்றாகத் தேறி, வேலைக்குப் போய், பெண்ணிடம் உள்ளதைச் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டு குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நேரம் வரும். கல்யாணத்தைப் பற்றித் தம்பி என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை, அதையும் கேட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும், மீதியிருக்கும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரைக்கு எப்போது நடுக்கம் வந்தது, எடை எப்போது ஏறியது, ஷிப்ட் நேரம் என்ன, அம்மா எத்தனை நாள் எவ்வளவு கலந்து கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கலந்ததை மறைக்க வேண்டாம். அது தெரியாவிட்டால் எந்த மருந்து அவருக்குக் கேட்டது என்று கணிக்க முடியாது. தம்பி இந்த மாதம் வரமாட்டேன் என்றால் நீங்களும் அம்மாவும் மட்டும் போங்கள். பார்க்காத ஆளுக்கு டாக்டர் மாத்திரை எழுத மாட்டார், ஆனால் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்வார். அடுத்த மாதம் தம்பியிடம் மறுபடி கேளுங்கள். அப்பாவை இரண்டாவது தடவைக்குக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.